கமராவின் இருவகைக் கண்

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரித்து அறிவதே மெய் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கமராவைக் கையிலெடுக்கும் எவரும் இப்பழமொழியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நன்று. படம் பிடிப்பவர் கமராவைத் தூக்கிக் கண்ணோடு பொருத்தி ஒரு சிறு சாளரத்தினூடே பார்க்கின்றார். மணவறையில் வீற்றிருக்கும் மணமக்களையோ, கிளையில் அமர்ந்திருக்கும் பறவையையோ, ஓட்டப்போட்டியில் விரைந்துவரும் மாணவனையோ தாம் நேரிற் காண்பதாகவே அவர் எண்ணுகின்றார். உண்மையில் அவர் காண்பது அவர்களைத்தானா, அன்றி அவர்களுடைய படத்தையா என்பது அவர் கையிலுள்ள கமராவின் வகையைப் பொறுத்தது.

அச்சாளரத்தைப் படப்பிடிப்பாளர் வியூபைண்டர் என்றே வழங்குவர். காட்சியைக் காண்பதற்கு உதவும் சாளரமாதலின் அதனை இங்கு காண்சாளரம் எனலாம். அஃது இருவகைப்படும். கண்ணாடிகளாலும் வில்லைகளாலும் ஒளியையே நேராகக் கண்ணுக்குக் கொண்டுவருவது ஒளியியற் காண்சாளரம். ஒளியை மின்குறிகளாக மாற்றி, அவற்றைக் கொண்டு ஒரு சின்னஞ்சிறு திரையில் படம் வரைந்து காட்டுவது இலத்திரனியற் காண்சாளரம். இவ்விரண்டில் எது சிறந்தது என்ற வினா வெறும் விவாதத்திற்குரியதன்று. பல மாத ஊதியத்தைச் சிறுகச் சேர்த்து ஒரு கமரா வாங்கக் கருதும் இளைஞனுக்கும், ஊரிலே சிறு ஸ்ரூடியோ நடத்திக் குடும்பத்தைக் காப்பவருக்கும், இவ்வினாவுக்குத் தவறான விடை காண்பது பெரும் பொருள் இழப்பாக முடியும்.

முதற்கண் இச்சாளரம் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஆதியில் இருந்த பெரிய கமராக்களில் தனியாகக் காண்சாளரம் இருக்கவில்லை. கமராவின் பின்புறத்தில் மங்கற் கண்ணாடித் தகடொன்று பொருத்தப்பட்டிருக்கும். வில்லையினூடே வந்த ஒளி அத்தகட்டில் தலைகீழான உருவமாக விழும். படப்பிடிப்பாளர் கறுப்புத் துணியாற் தலையை மூடிக்கொண்டு அவ்வுருவத்தை உற்றுநோக்கிச் செம்மை செய்து, பின்னர் அத்தகடு இருந்த இடத்தில் படத்தகட்டைச் செருகிப் படம் எடுப்பார். எதைக் கண்டாரோ அதுவே படமாயிற்று. ஆயினும் இம்முறை மிகவும் மந்தமானது. அசையாமல் நிற்கும் பொருளுக்கே ஏற்றது.

1888ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கொடாக் கமரா, படம் பிடிக்கும் தொழிலைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது. நூறு படங்களுக்கு வேண்டிய சுருளோடு விற்கப்பட்ட அப்பெட்டியில் காண்சாளரமே கிடையாது. பெட்டியின் மேற்புறத்தில் ஆப்பு வடிவிற் கோடுகள் மாத்திரம் இடப்பட்டிருந்தன. அக்கோடுகள் சுட்டிய திசையிற் குறிபார்த்து விசையை அழுத்துவதே முறை. படத்தில் எது விழுந்தது, எது விழவில்லை என்பது கழுவி எடுத்த பின்னரே தெரியவரும்.

பின்னர் வந்த சிறு கமராக்களில் வில்லைக்கு மேலேயோ பக்கத்திலோ தனியான சாளரமொன்று அமைக்கப்பட்டது. இதனாற் குறிபார்ப்பது எளிதாயிற்று. எனினும் புதியதொரு குறை புகுந்தது. கட்டைவிரலை முகத்தருகே நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணையும் மற்றக் கண்ணையும் மாறி மாறி மூடிப் பார்த்தால், விரல் இடம்பெயர்வது போலத் தோன்றும். இரு கண்களும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பதே அதற்குக் காரணம். சாளரமும் வில்லையும் அவ்வாறே வெவ்வேறு இடத்திலிருந்து நோக்குகின்றன. தூரத்திலுள்ள மலைக்கு அவ்வேறுபாடு பொருட்டன்று. அருகிலுள்ள ஆளுக்கோ அது பெரிதாகிவிடும். பழைய குடும்பப் படத்தொகுதிகளில் தலையின் உச்சி அறுபட்ட உருவங்களைக் கண்டோர் பலர். அக்குறை எடுத்தவரின் கவனக்குறைவால் மட்டும் வந்ததன்று. இக்காட்சி மாறுபாட்டினாலும் வந்ததாகும். 1954இல் ஜேர்மனியில் வெளிவந்த லைக்கா எம் 3 கமரா இக்குறையைப் பெரிதும் தீர்த்தது. அதன் சாளரத்தினுள்ளே தோன்றும் எல்லைக்கோடுகள், பொருளின் தூரத்திற்கேற்பத் தாமாகவே நகர்ந்து சரியான எல்லையைக் காட்டின.

படமெடுக்கும் வில்லையினூடாகவே பார்க்க முடியுமாயின் இம்மாறுபாடு அறவே இல்லாதொழியும். அதற்கு வழிகண்டது ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமரா. வில்லைக்குப் பின்னால், 45 பாகைச் சாய்வில் ஒரு தளவாடி நிற்கும். வில்லையினூடே வரும் ஒளியை அது மேல்நோக்கித் தெறிக்கச் செய்து மங்கற் திரையொன்றில் வீழ்த்தும். அங்கே உருவம் நிமிர்ந்திருக்கும்; ஆனால் இடம் வலம் மாறியிருக்கும். திரைக்கு மேலே கூரைபோல அமைந்த ஐம்பக்க அரியம் ஒளியைப் பலமுறை தெறிக்கச் செய்து, இடவல மாற்றத்தையும் திருத்தி, கண்ணுக்கு நேராகக் காட்டும். விசையை அழுத்தியவுடன் தளவாடி மேலெழும். ஒளி பின்னாலுள்ள படச்சுருளைச் சென்றடையும். 1936இல் ட்ரெஸ்டன் நகரில் 35 மில்லிமீற்றர் சுருளுக்கான கீனே எக்சக்டாவும், 1949இல் அதே நகரில் ஐம்பக்க அரியத்தோடு கூடிய கொன்ராக்ஸ் எஸ் என்பதும் வெளிவந்தன. எழுந்த தளவாடி உடனே தானாக மீளும் அமைப்பை 1954இல் யப்பானிய அசாகிபிளெக்ஸ் கமரா புகுத்தியது. 1959இல் வந்த நிக்கொன் எப், இவை யாவற்றையும் ஒருங்கே கொண்டு செய்தித்தாட் படப்பிடிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றது. அதன் பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தொழில் முறையாளரிடையே தெறிப்புக் கமராவே கோலோச்சியது.

இவ்வொளியியற் சாளரத்தின் பெருஞ்சிறப்பு யாதெனில், அதில் வருவது ஒளியேயன்றி வேறன்று. வெயிலின் கடுமையையும் நிழலின் ஆழத்தையும் கண் தன் முழு ஆற்றலோடு காண்கின்றது. காட்சிக்கும் கண்ணுக்கும் இடையே கணிப்பு எதுவும் நிகழாமையால் தாமதம் இல்லை. மின்கலம் தீர்ந்துபோனாலும் சாளரம் குருடாவதில்லை. மணிக்கணக்காகப் பறவைக்குக் காத்திருப்போருக்கு இது பேருதவியாகும்.

குறைகளும் உள. மலிவான தெறிப்புக் கமராக்களின் சாளரம் படத்தில் விழும் பரப்பில் ஏறத்தாழ 95 வீதத்தையே காட்டும். கண்ணிற் படாத எஞ்சிய ஓரத்தில் வேண்டாத கொப்போ கம்பியோ படத்தில் வந்து சேரும். மங்கலான இடத்தில் சாளரமும் மங்கிவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக வியப்பூட்டும் குறை ஒன்றுண்டு. தளவாடி மேலெழும் கணத்திலே சாளரம் இருண்டுவிடுகின்றது. படம் பதிவாவதும் அக்கணத்திலேயே. ஆகவே தெறிப்புக் கமராவால் எடுக்கப்பட்ட படம் எதுவோ, அக்கணத்தை எடுத்தவர் சாளரத்திற் கண்டாரல்லர். கண்டது அதற்கு முந்திய கணமும் பிந்திய கணமுமே. கனன் நிறுவனத்தார் 1965இல் வெளியிட்ட பெலிக்ஸ் என்னும் கமராவில் இதற்கு ஒரு பரிகாரம் தேடினர். அசையாது நிற்கும் மிக மெல்லிய தளவாடி, ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைச் சுருளுக்கு விட்டு, எஞ்சியதைக் கண்ணுக்கு அனுப்பிற்று. இருள் நீங்கியது, ஆயினும் கண்ணும் சுருளும் ஒளியைப் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தமையால் இரண்டுமே இழப்படைந்தன.

இனி, இலத்திரனியற் சாளரத்தை நோக்குவோர், படச்சுருளின் இடத்தை உணரி என்னும் ஒளியுணர் தகடு பிடித்துக்கொண்டமையை முதலில் அறிதல் வேண்டும். சுருள் ஒருமுறை ஒளிபட்டால் அதனோடு தீர்ந்தது. உணரியோ ஓயாமல் ஒளியைப் பெற்று ஓயாமல் மின்குறியாக மாற்றவல்லது. அவ்வாறாயின் தளவாடியும் அரியமும் எதற்கு? உணரி காண்பதையே ஒரு சிறு திரைக்கு அனுப்பி, அத்திரையைப் பெருக்கு வில்லையொன்றினூடே பார்த்தாற் போதுமன்றோ? தொலைக்காட்சிக் கமராக்களில் முன்னரே வழக்கிலிருந்த இக்கருத்தை, வில்லையை மாற்றிப் பொருத்தத்தக்க நிழற்படக் கமராவுக்குக் கொண்டுவந்தது 2008இல் வெளியான பனசொனிக் ஜீ 1. தளவாடி நீங்கியதும் கமராவின் உடலும் மெலிந்தது. நிக்கொன் தெறிப்புக் கமராவில் வில்லை பொருந்தும் வளையத்துக்கும் உணரிக்கும் இடையே 46.5 மில்லிமீற்றர் இருந்தது. அந்நிறுவனம் 2018இல் வெளியிட்ட தளவாடியற்ற கமராக்களில் அஃது 16 மில்லிமீற்றராகச் சுருங்கியது.

இச்சாளரத்தில் ஒருவர் காண்பது காட்சியை அன்று, வரப்போகும் படத்தையே. ஒளி மிகுந்து முகம் வெளிறிப் போகுமாயின், விசையை அழுத்துவதற்கு முன்னரே அது தெரிந்துவிடும். நிறம் மஞ்சளிக்குமாயின் அதுவும் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம் வேண்டுமெனின் உலகையே கறுப்பு வெள்ளையாகக் காணலாம். கண்ணிமையின் ஒரு பகுதியைப் பலமடங்கு பெருக்கிக் குவியம் சரியாக விழுந்ததா என ஆராயலாம். மங்கிய இடத்திலும் திரை ஒளியைக் கூட்டிக் காட்டும். தெறிப்புக் கமராவிற் குவியத்தை அளக்கும் கருவி தளவாடிப் பெட்டியின் அடியில் வேறாக இருப்பதால், இம்மியளவு பிசகினாலும் கூர்மை முன்னோ பின்னோ விலகிவிடும். தளவாடியற்ற கமராவிலோ படம் விழும் உணரியே குவியத்தையும் அளப்பதால் அவ்வித விலகல் எழுவதில்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடி அணியும் முதியோர்க்கும் இதில் ஒரு நன்மையுண்டு. எடுத்த படத்தைப் பின்புறத் திரையிற் பார்க்க அவர்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடவேண்டும். பார்வைக்கேற்பத் திருத்திய சாளரத்தினுள்ளோ படத்தைத் தெளிவாகக் காணலாம்.

இதனைப் பழிப்போர் முதலிற் கூறுவது தாமதம் என்னும் குறை. ஒளி மின்குறியாகி, கணிக்கப்பட்டு, திரையில் வரையப்படுவதற்குச் சிறிது நேரம் செல்லும் என்பது உண்மையே. அக்குறை எவ்வளவினது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்திற் பறக்கும் பறவை ஒன்றைக் கொள்வோம். திரை செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்படுமாயின், ஒரு முறைக்குரிய நேரத்திற் பறவை ஏறத்தாழ 17 சதமமீற்றர் சென்றுவிடும். 120 முறை புதுப்பிக்கப்படுமாயின் அது 8 சதமமீற்றராகக் குறையும். தெறிப்புக் கமராவில் இத்தாமதம் இல்லை; ஆனால் தளவாடி மேலெழ வேண்டுமே! விசையை அழுத்தியதிலிருந்து படம் பதிவாகத் தொடங்கும்வரை சிறந்த தொழில்முறைக் கமராக்களிலும் ஏறத்தாழ 40 மில்லிசெக்கன் செல்லும். அதற்குள் அப்பறவை 40 சதமமீற்றர் கடந்துவிடும். இவை இரண்டையும்விடப் பெரியது மனிதனின் தாமதம். கண் கண்டதற்கு விரல் அசைவதற்குச் செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். அதற்குள் பறவை 2 மீற்றர் சென்றிருக்கும். ஆதலின் பறவையின் போக்கை முன்னறிந்து அழுத்தும் பயிற்சி எவ்வகைக் கமராவுக்கும் வேண்டியதே.

சாளரம் இருளும் குறை பழைய இலத்திரனியற் கமராக்களிலும் வேறுவகையில் இருந்தது. தொடர்ந்து எடுக்கும்போது நேர்க்காட்சிக்குப் பதிலாக, எடுத்து முடித்த படங்களே ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிற் தோன்றும். ஓடும் மாணவனைப் பின்தொடர்ந்து கமராவைத் திருப்புவது கடினமாகும். 2017இல் வந்த சோனி ஏ 9, விரைந்து படிக்கத்தக்க உணரியின் துணையால் செக்கனுக்கு 20 படங்கள் எடுக்கும்போதும் சாளரம் இருளாத வகை செய்தது. தளவாடியாற் காணமுடியாது போன கணத்தை இலத்திரன் காணச் செய்தது எனலாம்.

எனினும் இச்சாளரத்திற்கும் உண்மையான குறைகள் உள. முதலாவது மின்கலச் செலவு. நிக்கொன் நிறுவனம் 2017இல் வெளியிட்ட டீ 850 என்னும் தெறிப்புக் கமராவும், 2018இல் வெளியிட்ட இசற் 7 என்னும் தளவாடியற்ற கமராவும் 457 இலட்சம் படத்துளிகள் பதியும் கமராக்களே, மின்கலமும் ஒரேவகையினதே. அளவை முறைப்படி, ஒருமுறை மின்னேற்றினால் முன்னையது 1840 படங்களும் பின்னையது 330 படங்களும் எடுக்கும் எனக் கணிக்கப்பட்டது. நடைமுறையில் இரண்டிலும் இதனினும் அதிகம் எடுக்கலாமாயினும், விகிதம் வேறுபாட்டைக் காட்டப் போதியது. நாள் முழுதும் நடைபெறும் திருமண வீட்டுக்குச் செல்பவர் மேலதிக மின்கலங்களோடு செல்லல் வேண்டும்.

இரண்டாவது, திரையின் எல்லை. கண் காணும் ஒளியும் நிழலும் முழுவதையும் எத்திரையும் காட்டமாட்டாது. நிழலில் நிற்பவரின் முகம் திரையில் வெறுங் கறுப்பாகத் தெரியலாம். உணரியோ அதனைப் பதிந்திருக்கும். இரவில் ஒளிரும் திரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கமராவை எடுத்தபின் சுற்றுப்புறம் சிறிதுநேரம் ஒன்றும் தோன்றாது. மூன்றாவது குறை ஸ்ரூடியோவில் நேர்வது. பளிச்சீட்டு விளக்கு எரியும் கணத்திலன்றி அறை மங்கலாகவே இருக்கும். பளிச்சீட்டுக்கு ஏற்பக் கமராவை ஒழுங்குபடுத்தியதும், வரப்போகும் படத்தைக் காட்டும் சாளரம் பளிச்சீட்டு வரப்போவதை அறியாது இருண்டுவிடலாம். கமரா பழுதென்று அஞ்சவேண்டியதில்லை. முன்காட்சி முறையை நிறுத்திவிட்டாற் திரை தெளியும்.

கடையில் கூறப்படும் எண்களையும் விளங்கிக்கொள்ளல் அவசியம். திரையில் இத்தனை புள்ளிகள் என விளம்பரம் சொல்லும். ஒரு படத்துளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள் எண்ணப்படுவதே வழக்கம். ஆகவே 57.6 இலட்சம் புள்ளிகள் எனப்படும் திரையில் உண்மையில் உள்ளவை 19.2 இலட்சம் படத்துளிகள். பனசொனிக் ஜீ 1இன் சாளரம் 14.4 இலட்சம் புள்ளி அளவினது. 2020இல் வந்த சோனி ஏ 7 எஸ் 3இன் சாளரம் 94.4 இலட்சம் புள்ளிகளை எட்டியது. பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்த வளர்ச்சி இது. பழைய சாளரமொன்றைப் பார்த்துவிட்டு இவ்வகை முழுவதையும் இகழ்தல் நேர்மையன்று.

கண்ணின் பாதுகாப்பு என்னும் செய்தி யாவற்றினும் முதன்மையானது. 2019ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆந் திகதி இலங்கையின் வடபாகத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அத்தகைய நாளிற் படம் பிடிக்க ஆவல் கொள்வது இயல்பு. ஒளியியற் சாளரம் சூரிய ஒளியை வில்லையாற் திரட்டி நேரே கண்ணுக்குள் விடும். தொலைநோக்கு வில்லையோடு ஒரு கணம் பார்த்தாலும் விழித்திரை கருகக்கூடும். சூரியனின் பெரும்பகுதி மறைந்திருந்தாலும் எஞ்சிய ஒளிவளையம் தீங்கு செய்யவல்லது. இதற்கென அமைந்த வடிகண்ணாடியை வில்லைக்கு முன்னாற் பொருத்துதல் வேண்டும். கண்பக்கத்தில் வைத்தல் போதாது. இலத்திரனியற் சாளரத்திற் கண் காண்பது திரையை மாத்திரமாதலின் அவ்வழியே கண்ணுக்கு இந்த அபாயம் இல்லை. ஆனால் உணரி கருகலாம்; ஆகையால் வடிகண்ணாடி அதற்கும் வேண்டியதே. கமராவிலிருந்து கண்ணை விலக்கி வெறுங்கண்ணாற் சூரியனைத் தேடுவது எவ்வகையிலும் ஆகாது.

இவ்விரு வகையையும் ஒன்றாக்க முயன்றோரும் உளர். 2011இல் விற்பனைக்கு வந்த பியூஜி எக்ஸ் 100 கமராவில் ஒரு நெம்பைத் திருப்பினால் ஒளியியற் சாளரம் இலத்திரனியற் சாளரமாக மாறும். ஆயினும் தொழிலின் போக்கு ஒருபக்கமே சாய்ந்தது. கனனும் நிக்கொனும் 2020இல் தத்தம் தலைசிறந்த தெறிப்புக் கமராக்களை வெளியிட்டன. அதன்பின் அவ்விடத்துக்கு 2021இல் நிக்கொன் இசற் 9உம், 2024இல் கனன் ஆர் 1உம் தளவாடியின்றியே வந்தன. பென்ரக்ஸ் நிறுவனம் மட்டும் 2021இல் கே 3இன் மூன்றாம் வடிவத்தைச் சிறந்த ஒளியியற் சாளரத்தோடு வெளியிட்டுப் பழைய வழியைப் பேணியது.

அப்படியாயின் வாங்குவோர் எதனைத் தெரிதல் வேண்டும்? மணவீட்டிலும் மேடையிலும் மங்கிய ஒளியிற் படமெடுத்துப் பிழைப்பவர்க்கும், விழியிற் குவியம் தவறலாகாது எனக் கருதுபவர்க்கும் இலத்திரனியற் சாளரம் உற்ற துணை. மின்வசதியற்ற இடங்களில் நெடும்பொழுது காத்திருப்பவர்க்கும், கைப்பொருள் குறைந்து பழைய கமராவை வாங்கக் கருதும் மாணவர்க்கும் தெறிப்புக் கமரா இன்னும் தக்கதே. அதனால் எடுக்கப்படும் படம் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. எதை வாங்கினும், கடையின் ஒளிமிக்க முகப்பில் மட்டும் பார்த்து நிறைவடையாது, இருண்ட மூலையொன்றை நோக்கியும், கமராவை விரைவாக இடமும் வலமும் திருப்பியும், மூக்குக்கண்ணாடி அணிபவர் அதனோடேயே பார்த்தும் சோதித்தல் வேண்டும்.

கற்பிப்போர் கருதவேண்டிய ஒன்றும் உண்டு. ஒளியியற் சாளரத்தில் ஒளியை மட்டுமே கண்டு, அஃது எவ்வாறு படமாகும் என்பதை மனத்தாற் கணித்தே முன்னோர் பழகினர். தவறு செய்து, காரணம் தேடி, மீண்டும் எடுத்தே அவர்கள் தேர்ச்சி பெற்றனர். இலத்திரனியற் சாளரம் விடையை முன்னரே காட்டிவிடுகின்றது. தவறு குறைகின்றது, மாணவனும் ஊக்கம் குன்றாமற் கற்கின்றான். ஆனால் விடையை மட்டும் கண்டு வழியை அறியாதிருப்பானாயின், திரை பொய்யுரைக்கும் இடத்தில் அவன் திகைத்து நிற்பான். ஆகவே புதிய கமராவைப் பெற்ற மாணவன், சாளரத்திற் கண் வைப்பதற்கு முன் வெறுங்கண்ணால் வெளிச்சத்தை நோக்கி, எவ்வளவு ஒளி வேண்டும் என்று தானே மதிப்பிட்டுக்கொள்வானாக. பின்னர் திரை காட்டுவதோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பானாக. சில மாதங்கள் இவ்வாறு பழகிய பின், எவ்வகைச் சாளரத்தைக் கொடுத்தாலும் அவன் கை தயங்காது.